கிறீப்பர் இயல்: ஊவா மலைகளில் சின்னத்துரை உருவான முறை பற்றிய ஓர் ஆய்வு

கிறீப்பர் எனப்படுபவர், ஆங்கிலேயர் ஆட்சிக்கால இலங்கையில் தோட்டத் தொழில் பழகும்பொருட்டுப் பிரித்தானியாவிலிருந்து கப்பலேறி வந்து, ஒரு பெரிய துரையின் பங்களாவில் தங்கி, சம்பளம் பெறாமலும் பல வேளைகளில் அத்துரைக்குத் தாமே பயிற்சிக் கட்டணம் செலுத்தியும் காலங்கழித்த இளைஞராவார். பயிற்சி முற்றியதும் அவர் சின்னத்துரை, அதாவது உதவித் தோட்ட அதிகாரி, ஆவார். சின்னத்துரை முற்றினால் பெரிய துரை ஆவார். இவ்வளர்ச்சிக்கு உரமிட்டவர் யார் என்னும் சிறு வினாவை, ஊவா மாகாணத் தோட்டங்களை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அகத்திணை இலக்கணம் வாழ்வை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து நோக்கும். கிறீப்பரையும் அவ்வாறே நோக்கத் தடையில்லை. முதற்பொருளாவது நிலமும் பொழுதும்: நிலம் அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமை மலைகள், பொழுது, இளைஞர் எவரும் விரும்பாத விடியற்காலை. கருப்பொருளுள் பறை, தொழிலாளரை எழுப்ப அடிக்கப்பட்ட தப்பு. உணவு, பங்களாச் சமையற்காரராகிய அப்பு ஆக்கி வைத்தது. உயிரினம், காலுறைக்குள்ளும் வழி கண்டுகொள்ளும் அட்டை. தொழில், பிறர் பின்னால் நடத்தல். உரிப்பொருளில்தான் சிக்கல் எழுகின்றது. மலைநிலத்துக்கு உரிய ஒழுக்கம் புணர்தல் என்பது விதியாக இருக்க, கிறீப்பரோ ஊர்க் கடிதத்துக்காகவும், எங்கேனும் காலியாகக்கூடிய சின்னத்துரை வேலைக்காகவும் காத்திருந்தார். காத்திருத்தல் முல்லைக்கு உரியது ஆகையால், நிலத்தால் குறிஞ்சியும் ஒழுக்கத்தால் முல்லையுமாகிய இந்நிலையைத் திணைமயக்கம் எனக் கொள்க.

கால வகையால் கிறீப்பர் இரு திறத்தினர். முற்காலத்தவர் கோப்பி பழகினர். பிற்காலத்தவர் தேயிலை பழகினர். 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இலைத்துரு நோய், சில பத்தாண்டுகளுள் நாட்டின் கோப்பித் தோட்டங்களை வீழ்த்தி, எந்தக் கல்விக் குழுவும் கூடாமலே பாடத்திட்டம் முழுவதையும் மாற்றிவிட்டது. 1885 இல் நானுஓயாவை எட்டிய புகையிரதப் பாதை படிப்படியாக நீண்டு 1924 இலேயே பதுளையை அடைந்தமையால், அதற்கு முன் வந்தவர் பயணத்தின் எஞ்சிய பகுதியைக் குதிரையிலோ வண்டியிலோ கால்நடையாகவோ கடந்ததைப் பயிற்சியின் முதற்பாடமாகக் கருதலாம். முறை பிறழாது தேறியவருக்கு எடுத்துக்காட்டு, 1887 இல் தொழில் பழக இலங்கை வந்து, பின்னர் கொழும்பில் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் தலைவராகி, அப்புத்தளையில் அடிஷம் மாளிகையை எழுப்பிய சேர் தோமஸ் வில்லியர்ஸ் ஆவார். 1890 இல் தம்பேதென்னைத் தோட்டத்தை விலைக்கு வாங்கிய தோமஸ் லிப்டனோ, எவர் பின்னாலும் நடக்காமலே முன்னால் வந்து நின்றவர் என்பதால், இவ்வியலின் எல்லைக்குள் அடங்கார்.

இனி ஆசிரியர் யார் என்பது. கட்டணம் பெற்றவர் பெரிய துரை ஆதலால் கற்பித்தவரும் அவரே என்று கொள்வது எளிது. ஆயினும் ஒரு நாளின் நடைமுறையே அதனை மறுத்துவிடும். விடியலில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எவரை எந்த மலைக்கு அனுப்புவது என்று அறிந்திருந்தவர், தொழிலாளரைத் திரட்டி வந்து மேற்பார்த்த கங்காணி. துரைமார் தமிழ் கற்க ஏ. எம். பெர்குசன் ஆக்கிய கையேட்டுக்கு ‘இங்கே வா’ என்றே பெயரிருந்ததால், அந்த அளவில் மொழிப் பயிற்சி பெற்ற இளைஞர் அழைக்க, வந்து நின்ற ஆளிடம் அடுத்து என்ன சொல்வது என்பதையும் கங்காணியே தீர்மானிக்க வேண்டியதாயிற்று. கவ்வாத்து, அதாவது செடியை அளவறிந்து வெட்டித் தாழ்த்துதல், கத்தி பிடித்தவர் கையைப் பார்த்துப் பழகியதாகும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற கொழுந்தின் இலக்கணத்தைக் கூடை சுமந்த பெண்கள் விரலால் விளக்கினர். தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாய் ஊவாவுக்குள் இறங்கும் யூலை முதல் செப்டெம்பர் வரையான பருவத்தில் கொழுந்துக்குத் தனி மணம் ஏறும். அப்போது அது எவ்வளவு நேரம் வாடவேண்டும் என்பதை டீமேக்கர் ஐயா கையால் அமுக்கி மூக்கால் முடிவுசெய்தார். அட்டைக் கடிக்கு மருந்து அப்புவின் துறை. பெரிய துரைக்கு எஞ்சியது இராச் சாப்பாட்டு மேசையில் அறிவுரை கூறும் பொறுப்பு மட்டுமே.

ஆசிரியரும் மாணவரும் ஒருசேர அயல்நாட்டார் என்பது இவ்வியலின் தனிச்சிறப்பாகும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கங்காணி வழி வந்த தொழிலாளரும் கடல் கடந்து தொழில் பழகியவரே. வேறுபாடு கணக்கில் மட்டும் உண்டு. கிறீப்பர் பணம் கட்டிப் பழகினார். தொழிலாளர் வழிச்செலவையும் முன்பணத்தையும் கடனாய்ச் சுமந்து பழகினார். கிறீப்பர் தோட்டம் மாற விரும்பினால் ஒரு கடிதம் எழுதினார். தொழிலாளர் மாற விரும்பினால், கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டியிருந்தது. அம்முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது. முன்னவர் பழகி முடித்து, தமக்குப் பழக்கியவருக்கே துரையானார். பின்னவரின் பயிற்சிக்கு முடிவுநாள் குறிக்கப்படவில்லை.

பெரிய துரை கற்பிக்காவிடினும் கற்கும் இடத்தை அளித்தாரே என ஒருவர் தடை எழுப்பலாம். அவ்வாறாயின் கட்டணத்தை வாடகை என்று அழைப்பதே பொருந்தும். ஆசிரியர் சம்பளம் அப்போதும் நிலுவையாகவே நிற்கும். 2005 இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிப்பதனால், இக்காலத்து மாணவருக்குக் கற்பிப்பவர் யார் என்பதில் ஐயமில்லை. கற்பிப்பவருக்குச் சம்பளமும் உண்டு. பழைய ஆசிரியர் நிலையோ வேறு. தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலை, செக்றோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஏறினால் அது ஒரு ‘பேர்’. வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’. கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் கான் வெட்டுக்கும் பேர் விழுந்த அந்தச் செக்றோலில், துரை ஒருவரை உருவாக்கிய வேலைக்கென்று அரைப்பேர்கூட விழவில்லை என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.