சம்பளம் மிகும் இடங்களும் மிகா இடங்களும்

ஆய்வு நோக்கம்

வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று பள்ளியிலேயே உருப்போட்டு வளர்ந்தவர்கள் நாம். சம்பளம் எங்கே மிகும் என்பதற்கு மட்டும் ஒரு நூற்பாவும் இல்லை. வேலையை விட்ட 30ஆம் நாள், இவ்வாய்வாளரின் கணக்கில் பழைய நிறுவனத்தின் சம்பளம் ரூ.61,400 வந்து விழுந்ததே இவ்வாய்வுக்குத் தூண்டுகோல். ஆய்வெல்லை: பழைய மாமல்லபுரம் சாலையில் ஓர் அலுவலகம். காலம்: ஐந்து மாதம். நிதிநல்கை: மேற்படி ரூ.61,400 (பின்னர் திரும்பப் பெறப்பட்டது).

சொற்பொருள்

சம்பளத்தைச் சம்பா, அளம் எனப் பிரித்து, நெல்லும் உப்புமாகக் கூலி கொடுத்த காலத்தின் எச்சம் என்பார் உளர். இலத்தீனிலும் சம்பளத்துக்கான சொல் உப்பிலிருந்து கிளைத்ததே. குழம்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போட்டுச் சரிக்கட்டலாம். கணக்கில் கூடினால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 72ஆம் பிரிவைப் போடுவார்கள். தவறுதலாக வந்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தந்தாக வேண்டும் என்பது அதன் சாரம்.

மிகும் இடங்கள்

1. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகும். 'செய்யாப் பணி' என்பதில் ஒற்று மிகுவதுபோலவே, செய்யாப் பணிக்குச் சம்பளமும் மிகும்.

2. விலகியவரின் பெயரை நீக்குமுன் அம்மாதச் சம்பளப் பட்டியலை முடித்துவிட்டால் மிகும்.

3. எண்கள் நீண்டு ஒலிக்குமிடத்து மிகும். 2022இல் சிலி நாட்டு ஊழியர் ஒருவருக்கு 5 லட்சம் பேசோவுக்குப் பதிலாகச் சுமார் 16.5 கோடி பேசோ போய்ச் சேர்ந்தது. திருப்பித் தருகிறேன் என்றவர் ராஜினாமாவை அனுப்பிவிட்டு மறைந்தார். இதனை அளபெடை என்க.

மிகா இடங்கள்

வினைத்தொகையில் மிகாது. 'ஊறுகாய்' சான்று. செய்த வினைக்கு உரிய தொகையும் அவ்வாறே ஒருபோதும் மிகாது. சம்பள உயர்வு கேட்ட இடத்தும் மிகாது.

புறனடை: அரசு ஊழியருக்கு மிகுந்ததை எப்போது பிடிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஒரு பஞ்சாப் வழக்கில் வகுத்துச் சொன்னது. கடைநிலைப் பிரிவினர், ஓய்வு பெற்றவர், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருப்பவர், ஐந்தாண்டுக்கு மேல் மிகையாகவே வாங்கி வந்தவர் முதலானோர் அதில் அடங்குவர். இவ்வாய்வாளர் எதிலும் அடங்கார்.

கருதுகோள் முரண்

கைக்கு வந்தது ரூ.61,400. நிறுவனம் கேட்டதோ ரூ.72,000. இடையிலுள்ள ரூ.10,600 பி.எஃப்., வருமான வரி என்று பிரிந்து போய்விட்டது. ஆய்வாளர் அதை நேரில் கண்டதில்லை. காணாத பணத்தைத் திருப்பித் தருவது எங்ஙனம்? கனடாவிலும் இதே சிக்கல் எழுந்தது. அந்நாட்டு மத்திய அரசு 2016இல் இறக்கிய ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருள் பலருக்கு மிகையாக வழங்க, பிடித்தத்துக்கு முந்திய முழுத்தொகையையும் கேட்ட விதியை மாற்ற 2019இல் முனைய வேண்டியதாயிற்று. இந்தியாவிலோ, மார்ச் 31க்குள் திருப்பினால் நிறுவனமே வரிக் கணக்கைத் திருத்திக்கொள்வது எளிது. ஆய்வாளரின் பணம் வந்ததோ மார்ச் 28.

களப்பணி

கணக்குப் பிரிவுப் பெண்ணுடன் நிகழ்ந்த தொலைபேசி உரையாடல் (முதன்மைத் தரவு):

"சார், உங்க எம்ப்ளாயீ ஐடி இன்ஆக்டிவ் ஆயிடுச்சு. உங்ககிட்டருந்து பணம் வாங்க சிஸ்டம்ல ஆப்ஷனே இல்ல."

"அனுப்ப மட்டும் இருந்துச்சேம்மா?"

"அது தப்பாப் போனது சார். தப்புக்கு ஆப்ஷன் வேணாம்."

எட்டாண்டுப் பணிக்காலத்தில் ஒரு பொங்கல் வாழ்த்தும் அனுப்பாத அந்நிறுவனம், இந்த ஐந்து மாதத்தில் 14 மடல்கள் அனுப்பியது. ஒவ்வொன்றும் 'அன்புள்ள' என்று தொடங்கியது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. உப்பைக் கூடுதலாக இட்டவர், உண்டவரை உள்ளளவும் நினைக்கிறார் என்பது இவ்வாய்வின் கண்டுபிடிப்பு.

முடிவுரை

மிகை ஒரு நொடியில் வரும். திரும்புவதற்கு மூன்று கையெழுத்தும், ரத்து செய்த காசோலையும், யூடிஆர் எண்ணும் வேண்டும். ஐந்தாம் மாதம் ரூ.61,400 ஏற்கப்பட்டது. மீதியை நிறுவனம் வரித் துறையிடமும் பி.எஃப். அலுவலகத்திடமும் கேட்டுக்கொள்வதென முடிவாயிற்று.

மேலாய்வுக்குரிய களம்

'சம்பளம் குன்றும் இடங்கள்' தனி ஆய்வுக்குரியது. முதற்சான்று கைவசம் உள்ளது: அதே நிறுவனம் இவ்வாய்வாளருக்குத் தரவேண்டிய 11 நாள் விடுப்புச் சம்பளம். அதை இதில் கழித்துக்கொள்ளச் சொன்னபோது, "அது வேற டிபார்ட்மென்ட் சார்" என்றார்கள். அந்த டிபார்ட்மென்ட்டிலிருந்து 'அன்புள்ள' என்று இதுவரை ஒரு மடலும் வரவில்லை.