கடலடி நகரில் புறம்பேசுதல்: ஓர் ஆய்வு

கடலுக்கு அடியில் ஒரு நகரம் இருந்தால் அதன் மாடமாளிகை எப்படி, முத்துப்பந்தல் எப்படி என்றே கதாசிரியர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். அங்கே எதிர்வீட்டைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்ற அடிப்படை வினாவை எவரும் தொடவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, கடல்நீரில் 1,500. மேலத்தெருவில் பிறந்த வதந்தி கீழத்தெருவைச் சேர, தரையில் ஆவதில் கால்பங்கு நேரம்கூட ஆகாது. (தரையிலும் அது ஒன்றும் மந்தமில்லை.)

வேகத்தைவிடத் திசைதான் முக்கியம். வலப்பக்கச் சத்தம் வலக்காதை முதலில் தொடும். இடக்காதுக்கு இம்மியளவு தாமதமாகப் போகும். அந்த இம்மியை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. நீருக்குள் அது நாலில் ஒன்றுக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, ஒலி மண்டையோட்டு எலும்பு வழியாகவே உள்ளே புகுந்துவிடும். முக்குளிப்பவர்களுக்குப் படகு மோட்டாரின் சத்தம் நன்றாகவே கேட்கும். படகு எந்தப் பக்கம் என்பதுதான் பிடிபடாது. ஆகவே கடலடி நகரத்துச் சண்டைகளில் "யார் சொன்னது?" என்ற கேள்வியே எழாது. எல்லாருக்கும் கேட்டது; யாரும் சொல்லவில்லை. பஞ்சாயத்தார் பாடு திண்டாட்டம்.

தூரமும் தடையில்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒலியைச் சிதறவிடாமல் கடத்தும் நீரடுக்கு ஒன்று உண்டு. 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் அருகே கடலில் வெடித்த வெடியின் ஓசை, நாலு மணி நேரத்துக்குள் சுமார் 20,000 கிலோமீட்டர் தாண்டி பெர்முடாவில் பதிவானது. அது வெடி, கிசுகிசு அல்ல என்று ஆட்சேபிப்பவர்கள் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ரகசியம் பேச இடமே இல்லையா? ஒன்று உண்டு. சொடுக்கு இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும்போது உண்டாகும் நீர்க்குமிழி உடைந்து படீரென்று சத்தமிடும். ஆயிரக்கணக்கில் கூடினால், காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஓயாத படபடப்பு. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளுக்காகக் காதைத் தீட்டியிருந்த கடற்படைகளுக்கு இது பெரும் தலைவலி. மாப்பிள்ளையின் உண்மைச் சம்பளம் பேச இந்த இறால் குப்பத்தைவிடத் தோதான இடம் வேறில்லை.

வசதியுள்ளவர்கள் காற்றறை கட்டிக்கொள்ளலாம். காற்றுக்கும் நீருக்கும் இடையே ஒலி ஆயிரத்தில் ஒரு பங்குதான் கடக்கும். ஆனால் கடலடி ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் தலைக்கேறும். பெரும்பங்கு ஹீலியமாக இருந்தாக வேண்டும். அதைச் சுவாசித்தால் குரல் வாத்துக்குரலாகிவிடும். 1965இல் கலிஃபோர்னியா கடலடியில், 62 மீட்டர் ஆழத்துச் சீலேப்-2 கூடத்தில், விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர் முப்பது நாள் தங்கினார். மேலே வந்து ஹீலியம் நிறைந்த அழுத்தக் கூண்டில் இருந்தபடியே அமெரிக்க அதிபர் ஜான்சனுடன் தொலைபேசியில் பேச முயன்றார். இணைப்புக் கொடுப்பவர்களுக்கு அவர் பேச்சு விளங்கவே இல்லை.

ஆக, காற்றறையில் ரகசியம் வெளியே கசியாது. உள்ளே இருப்பவருக்கும் புரியாது. கல்யாணத் தரகர்கள் இறால் குப்பத்துக்கே திரும்பியிருப்பார்கள் என்று இவ்வாய்வு கருதுகிறது.