கறுப்புக் கிடாவுக்கு மைனஸ் ஒண்ணு

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. நேத்து நடுச்சாமத்துல ஒன் போர்வைக்குள்ள ஒரு வெள்ளக்காரன் பேசிக்கிட்டுக் கெடந்தானே, என்னவாம்? பொழுது கெளம்புற நேரத்து வெளிச்சந்தான் படத்துக்குத் தங்கமாம். சரியாத்தான் சொல்லுதான். அத முழுசாக் கேட்டுட்டு நீ எந்திரிச்சது பத்து மணிக்கு. அந்நேரம் தங்கம் உருகி, எருக்குழி வரைக்கும் வெயில் வந்துட்டு.

காமிரா வந்த நாளாப் பாக்கேன். போன்ல பாடம் பாக்குறதுல காமிராவத் தொட ஒனக்கு நேரமில்ல. ஒருநா ரூல் ஆஃப் தேர்ட்ஸ், மறுநா பொக்கே. கட்டத்துக் கோட்டுலதான் ஆள நிப்பாட்டணும்னு ஆச்சிய ஓரத்துக்குத் தள்ளிட்ட. நடுவுல ஜம்முனு கழனிப்பானை நிக்கி. யாருக்குலே எடுத்த படம்? அடுத்ததுல எஃப் 1.8 வச்ச. மூக்குத்தி மின்னுது, கண்ணு மங்கிப் போச்சு. டாக்டர் எடுத்துவிட்ட புரைய நீ திரும்ப வச்சுவிட்டுட்ட.

இதுல புது லென்சு வேணும்னு அப்பன நச்சரிக்க. கார்த்தியே பிரெசோன்னு ஒரு பிரான்ஸ்காரன், 1950ல திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியோட கடைசி நாளுகள்ல அவரப் படம் புடிச்சான். பெரும்பாலான படத்துக்கு அவனுக்கு 50 எம்.எம். லென்சு ஒண்ணே போதுமா இருந்துச்சு. ஒனக்குப் பத்தாது, நீ பெரிய ஆளு.

நான் ஸ்டூடியோவுல பிலிம் கழுவுன காலத்துல ஒரு ரோலுக்கு 36 படம். ஒரு தடவ அமுக்குனா காசு. அதனால அமுக்குறதுக்கு முன்னால யோசிச்சோம். நீ காமிராவத் தூக்குனா முந்நூறு எடுத்துட்டு ஒண்ணையும் திரும்பிப் பாக்க மாட்டேங்க.

ஒரு பாடம் மட்டும் எடுத்துக்கோ. நம்ம கன்னிக் கிடா இருக்குல்லா, அதக் கிட்டக்கப் போயி சட்டம் நெறைய எடு. சாம்பல் பூசுன மாதிரி வரும். காமிராவுக்குள்ள இருக்க மீட்டருக்கு ஒலகமே சாம்பல்தான். கறுப்பக் கண்டா ‘இருட்டா இருக்கே’ன்னு வெளிச்சத்தக் கூட்டிரும். வெள்ளாவி வேட்டியக் காட்டு, கண்ணு கூசுதுன்னு கொறச்சு அழுக்காக்கிரும். அதுக்குத்தாம்லே அந்தப் பிளஸ் மைனஸ் பொத்தான். கறுப்புக்கு மைனஸ் 1, வெளுப்புக்குப் பிளஸ் 1. தலகீழாத் தோணும்; செஞ்சு பாத்தாத்தான் மண்டையில ஏறும்.

சும்மா ஒண்ணு, மைனஸ் 1ல ஒண்ணு, மைனஸ் 2ல ஒண்ணு எடுத்து, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. மூஞ்சியில ஓடுற வெள்ளக் கோடு வெளிறிரக் கூடாது, கறுப்புல மசுரும் தெரியணும். நின்னுக்கிட்டு எடுக்காத, முட்டி போட்டு ஆட்டுக் கண்ணு ஒசரத்துக்கு வா. பேண்ட்டுல புழுக்கை ஒட்டுனா தட்டிவிட்டுக்கிடலாம். துள்ளுச்சுன்னா ஷட்டர 1/500க்குத் தூக்கு. காலையில எடுத்தத வேப்பமர நெழல்லயும் எடு, உச்சி வெயில்லயும் எடு. இது முடியுற வரைக்கும் வெள்ளக்காரன் வாயத் தொறக்கக் கூடாது.

எனக்கு இதுல என்ன லாவமா? சனிக்கெழம எட்டயபுரம் சந்தைக்கு முன்னால ஒரு ஏவாரிக்கு வாட்ஸப்புல படம் அனுப்பணும், அம்புட்டுத்தான். வெல படிஞ்சா ஒனக்கு ஒரு மெமரி கார்டு. ஆங், கிடாவுக்குப் பின்னங்கால்ல ஒரு தழும்பு கெடக்கு. மூஞ்சிய நேராப் பாக்க வச்சு, பின்பக்கத்துக்கு மட்டும் ஒன் 1.8 மங்கலப் போட்டுரு.