சுண்டைக்குச் சீராட்டு ஆகாது தம்பி

வாங்க தம்பி, உக்காருங்க. திண்ணையில தூசி கிடக்கும், துண்டைப் போட்டு உக்காருங்க. பேண்டுல ஒட்டுச்சுன்னா ஆச்சி என்னையத்தான் ஏசுவாக. வந்த காரியம் எனக்குத் தெரியும். நேத்துல இருந்து தெருவுல இதே பேச்சுதான். பெரிய வீட்டுத் தம்பி ஏதோ செடி வளக்குறாரு, அது இழுத்துக்கிட்டுக் கிடக்குன்னு. என்ன செடின்னு கேட்டேன். சுண்டைன்னாக. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. காரைக்குடிச் சுத்துப்பட்டுல சுண்டையைச் சாகடிக்கிறது லேசுப்பட்ட காரியமா? தண்ணி காட்டாட்டியும் நிக்கும், அடியோட வெட்டுனாலும் வேருல இருந்து தழைச்சுக்கிட்டு வரும். அதையும் ஒருத்தரு சாகடிச்சுக் காட்டுறாருன்னா, படிச்ச படிப்பு வீண் போகலை.

செலவுக் கணக்கும் காதுல விழுந்துச்சு. பூப்போட்ட பீங்கான் தொட்டி, தேங்காநாரு, மண்புழு உரம், பாக்கெட்டுல வந்த வேர் மருந்து, மண்ணுல ஈரம் பாக்க ஒரு கம்பி, கூடக் கன்னுக்கு நர்சரிக்காரன் வாங்குன காசு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு அந்தக் காலத்துல ஒருத்தன் சொல்லிவச்சான். பாவம், நர்சரியைப் பாக்காம செத்துப்போன மனுசன். கன்னு வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்க கொல்லைச் சுவரு ஓரத்துல காக்கா குருவி போட்ட விதையில முளைச்சது ரெண்டு நிக்குது. போன தடவை ஊருக்கு வந்தப்ப, அதைக் களைன்னு சொல்லி வெட்டச் சொன்னது நீங்கதான். நான் வெட்டலை. வெட்டுனதாக் கூலி மட்டும் வாங்கிக்கிட்டேன்.

முதல்ல அந்தத் தொட்டியை விட்டு அதை இறக்குங்க. சுண்டை எட்டடி பத்தடி போற செடி. வருசக்கணக்கா நிக்கிற குத்துமரம். அதைக் கொண்டுபோய் ஆத்தங்குடிக் கல்லு மேல, பட்டாலைத் தூணோரம் நிழலுல வச்சா அது என்ன செய்யும், வந்து போறவுகளுக்குச் சந்தனம் கொடுக்குமா? வெயிலு வேணும் தம்பி. நாள் முழுக்க மண்டையில அடிக்கிற வெயிலு. நிழலுல இலைதான் அகலும், பூ வராது. பூ வராட்டி காய் வராது. இதுக்கு ஆப்பு ஒண்ணும் போனுல இறக்க வேண்டியதில்லை.

நம்ம மண்ணு செம்மண்ணு, கீழ தோண்டுனா செம்புராங்கல்லு. மத்தப் பயிரு முகஞ்சுளிக்கும், சுண்டை முணுமுணுக்காம வேரு விடும். ஐப்பசி மழை இறங்குனதும் கிணத்தடியை விட்டுத் தள்ளி, நடமாட்டம் இல்லாத இடமாப் பாத்து ஒரு முழக் குழி எடுங்க. மக்குன சாணி எருவைப் போட்டு நடுங்க. ரெண்டு செடி நட்டா இடையில ஆறடி விடுங்க. இல்லாட்டி பறிக்கப் போறப்ப முள்ளு வேட்டியைப் பிடிச்சு இழுக்கும். நீங்க வேட்டி கட்டுறதில்லை, சரி, கட்டியிருக்கதைப் பிடிச்சு இழுக்கும்.

விதையில போடுறதுன்னா பொறுமை வேணும். மஞ்சளாப் பழுத்த காயா எடுத்துப் பிதுக்கி, வழுவழுப்புப் போகக் கழுவி, நிழலுல உலத்தித் தூவணும். முளைக்கிறதுல சுண்டை மகா சோம்பேறி. ஒண்ணு இன்னைக்கு எட்டிப் பாக்கும், இன்னொண்ணு அடுத்த வாரம் நல்ல நேரம் பாத்து வரும். நீங்க அதுக்குள்ள மண்ணைக் கிளறி முளைச்சிருச்சா முளைச்சிருச்சான்னு பாத்துருவீக. உங்களுக்குக் குச்சிதான் தோது. சுண்டுவிரல் தண்டியில, ரொம்பப் பிஞ்சும் இல்லாம ரொம்ப முத்தாமயும் ஒரு கொப்பு ஒடிச்சு ஈர மண்ணுல ஊனுங்க. பக்கத்துல வேருல கிளம்புன கன்னு கிடைச்சா இன்னும் நல்லது, அப்படியே பேத்து வச்சுரலாம்.

அப்புறம் தண்ணி. மூணு வேளையும் ஊத்துறீகளாமே. தம்பி, ஊருணி வத்திப்போன கோடையிலயும் ரோட்டோரத்துல பச்சையா நிக்கிற செடி அது. வேரு பிடிக்கிற வரைக்கும் மண்ணு காயாமப் பாத்துக்கங்க. பிடிச்சப்புறம் மேல்மண்ணு காஞ்சா ஊத்துங்க, காயாட்டி கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. தண்ணி தேங்குனா வேரு அழுகும். இலை மஞ்சளாகும். அதைப் பாத்துட்டு நீங்க சத்துக் குறைச்சல்னு யூரியா போடுவீக. யூரியா ஏறுனா தழை தழைன்னு தழைக்கும், பாக்குறவுகளுக்குப் படம் எடுக்க நல்லாருக்கும், குழம்புல போட ஒரு காய் இருக்காது.

படம்னதும் ஞாபகம் வருது. இலையில புள்ளி புள்ளியா வண்டு உக்காந்திருக்கு, நல்லது செய்யிற பூச்சின்னு போனுல படிச்சேன், அதை விட்டுட்டேன்னு ஆச்சிகிட்டச் சொன்னீகளாம். நல்லது செய்யிற வண்டு மினுமினுன்னு மின்னும், அசுவினியைத் தின்னும். உங்க செடியில இருக்கது மங்கலாப் பழுப்பா, மேல பொடி ரோமத்தோட இருக்க வண்டு. பேரே கத்திரிப் புள்ளி வண்டு. உடம்பு பூரா முள்ளா, மஞ்சளா ஊர்றது அதோட புழு. ரெண்டும் இலையைச் சுரண்டிச் சுரண்டிச் சல்லடையாக்கிப்புடும். விருந்தாளின்னு நினைச்சுத் திருடனுக்குப் பாய் விரிச்சிருக்கீக. காலையில வெள்ளனே எந்திரிச்சுக் கையால பொறுக்கிச் சோப்புத் தண்ணியில போடுங்க. கொப்புல வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி அப்புச்சுன்னா, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல், சாயங்காலமா அடிங்க. எறும்பு ஏறுதான்னும் பாருங்க. மாவுப்பூச்சியை ஒரு கொப்புல இருந்து இன்னொரு கொப்புக்குச் சுமக்குறது அந்த எறும்புதான், கூலி கேக்காம.

கன்னு நட்டு ஆறு மாசம் வாக்குல வெள்ளைப் பூ கொத்துக் கொத்தா வரும். அப்புறம் பறிக்கத்தான் ஆள் வேணும். பிஞ்சுல பறிக்கணும், உள்ள விதை கல்லாகுறதுக்கு முந்தி. பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும். அழகா இருக்கேன்னு விட்டு வச்சா முத்தி மஞ்சளாகி, பறவை தின்னுட்டு ஊரெல்லாம் விதைச்சுட்டுப் போகும். காய்ப்பு ஓய்ஞ்சதும் இடுப்பு உசரத்துக்குத் தைரியமா வெட்டி விடுங்க. மனசு கேக்காதுன்னு தெரியும். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க, நான் வெட்டுறேன். நிசமாவே வெட்டுறேன்.

இந்தச் செடியோட சொக்காரங்க யாருன்னு தெரியுமா? கத்திரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, எல்லாம் ஒரே வீட்டுப் பங்காளிக. ஊமத்தையும் அந்த வகையறாதான், அது கொல்லுற பங்காளி. அதனால கொல்லையில முள்ளும் காயுமா எது நின்னாலும் பறிச்சுச் சட்டியில போட்டுறாதீக. எங்கிட்டக் காமிச்சுட்டுப் போடுங்க. நான் உங்க வீட்டுச் சாப்பாட்டை நம்பி இருக்கவன்.

நான் இங்கன ஒரு காலேஜுத் தோட்டத்துல மம்பட்டி பிடிச்சவன். வாத்தியாருக மரத்தடியில பேசுறதை எல்லாம் கேட்டுக்கிட்டே தண்ணி பாய்ச்சுனவன். சுண்டை நம்மூரு பூர்வீகமே இல்லையாம். நடு அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுப் பக்கத்துச் சரக்குன்னு தாவரம் படிச்சவுக சொல்றாக. 1788-ல ஸ்வார்ட்ஸுன்னு ஒரு சுவீடன்காரரு அதுக்கு லத்தீனுல பேரு வச்சாராம். உங்க பாட்டன்மாரு பர்மாவுல வட்டிக்கடை வச்சு, தேக்கை இங்க கொண்டாந்து வீடு கட்டுனாக. சுண்டை கடையும் வைக்கலை, வீடும் கட்டலை, உலகம் பூரா இடம் பிடிச்சுருச்சு. தாய்லாந்துல பச்சைக் குழம்புக்குள்ள முழுசா மிதக்குது. ஜமைக்காவுல உப்பு மீனோட வேகுது. ஆப்பிரிக்காவுல கானாக்காரவுக, ரத்தம் குறைஞ்சவுகளுக்கு அதைச் சாறு காச்சிக் கொடுக்குறாக. இம்புட்டு ஊரும் சுத்துன செடி, உங்க தொட்டியில வந்துதான் படுத்துருச்சு.

இன்னொரு கூத்தும் கேளுங்க. கத்திரிப் பாத்தியில வாடல் விழுந்தா நல்லா நின்ன செடி பொசுக்குன்னு சாயும். மண்ணுல இருக்க பாக்டீரியா பண்ற வேலை. வேருல முடிச்சுப் போடுற நூற்புழு இன்னொரு பக்கம். சுண்டை வேரு இதை எல்லாம் தாங்கும். அதனால சுண்டைக் கன்னு மேல கத்திரியை ஒட்டுக் கட்டுறாக. ஜப்பான்லயும் செய்யிறாக, நம்ம கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துலயும் செய்யிறாக. கீழ சுண்டை வேரு உழைக்கும், மேல கத்திரிக்காய் பேரு வாங்கும். உங்க ஆபீசுல இப்படி இல்லையா, சொல்லுங்க. அதுலயும் சுண்டையைத்தான் முன்னாடி விதைக்கணும், அது முளைக்கிற லட்சணம் தெரிஞ்சதுதானே. செஞ்சு பாக்க ஆசைன்னா குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல போய்க் கேளுங்க. வீட்டு பிளேடை எடுத்துக்கிட்டு நீங்களா கிளம்பிறாதீக.

வத்தலுக்கு வருவோம். பச்சைக் காயை நச்சி மண்டிக் குழம்புல நாலு போட்டா ருசிதான், ஆனா சுண்டையோட பவிசு வத்தல்லதான் இருக்கு. உங்க அப்பத்தா இருந்த காலத்துல பங்குனி பிறந்தா ரெண்டாங்கட்டு முத்தத்துல கால் வைக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் வடகம், ஒரு பக்கம் மிளகாய், நடுவுல பாயில சுண்டை. காம்பு ஆய்ஞ்சு, ஒவ்வொண்ணா நச்சி, தண்ணியில அலசி விதையைப் போக்கணும். குழவியால ஓங்கிக் குத்துனா சட்னியாகும், தடவிக் கொடுத்தா விரியாது. வாய் விட்டாப் போதும். அப்புறம் புளிச்ச மோருல உப்புக் கூட்டி ஊறப் போடணும். காலையில எடுத்து வெயிலுல காய வைக்கணும், அந்தியில திரும்ப அதே மோருல போடணும். மோரு வத்துற வரைக்கும் இதே வேலை. கடைசியில மோரே இல்லாமக் கலகலன்னு காயணும். பாதிக் காய்ச்சல்ல ஜாடியில அள்ளி வச்சா பூசணம் பூத்துரும். உங்க அப்பத்தா ஒரு கை அள்ளிக் குலுக்கி, சத்தத்தை வச்சே இன்னும் ஒரு வெயில் வேணும்பாக.

காக்கா விரட்ட என்னைய உக்கார வச்சாக, சின்ன வயசுல. காக்கா தின்னதைவிட நான் தின்னது கூட. பாதி காஞ்ச மோர் வத்தல் அம்புட்டு ருசி.

நல்லெண்ணெயில வறுக்கிறப்ப போனைக் கீழ வச்சுருங்க. கண் மூடித் திறக்குறதுக்குள்ள செவந்து கருத்துப்போகும். செவந்தா அமிர்தம், கருத்தா கசாயம். வயித்துப் போக்குக்குச் சித்த வைத்தியத்துல சுண்டைவத்தல் சூரணமே இருக்கு. மாங்கொட்டைப் பருப்பு, கறிவேப்பிலை, ஓமம் எல்லாம் சேத்து இடிக்கிறது. அதுக்காக நோவுன்னு வந்தவுகளுக்கு எல்லாம் நீங்க கரண்டியில அளந்து கொடுக்க ஆரம்பிச்சுறாதீக. செடி வைத்தியத்தையே பாத்துட்டோம்.

கடைசியா ஒண்ணு. அமெரிக்காவுல இருக்க அக்காவுக்குச் சுண்டை விதை பார்சல் போடப் போறதா ஆச்சி சொன்னாக. போட்டுறாதீக தம்பி. அந்த நாட்டு அரசாங்கம் சுண்டையைக் கெடுதலான களைன்னு பட்டியல்லயே சேத்து வச்சிருக்கு. விதையைக் கொண்டுபோனா கேள்வி வரும். நீங்க கொல்லையில களைன்னு வெட்டச் சொன்னீகல்ல, அதுல நீங்களும் அமெரிக்காவும் ஒரே கட்சி. எதை அனுப்பலாம் எதை அனுப்பக்கூடாதுன்னு அக்காவை அங்கன விசாரிக்கச் சொல்லுங்க. அது வரைக்கும் அவுக பங்கு வத்தல் எங்க வீட்டு ஜாடியிலயே இருக்கட்டும். பூசணம் பிடிக்காம நான் அப்பப்ப வறுத்துப் பாத்துக்கிறேன்.