ஊசி போட்டாச்சா?

கேள்வி: ஒருவரிடம் "தடுப்பூசி போட்டாச்சா?" என்று கேட்பது முறையா?

பதில்: கேட்பவரையும் இடத்தையும் பொறுத்தது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து இந்தியா வருபவரிடம் விமான நிலைய அதிகாரி அந்தத் தடுப்பூசிக்கான சான்றான மஞ்சள் அட்டை கேட்பது சட்டம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகே அந்த அட்டை செல்லும்; இல்லாதவருக்கு 6 நாள் வரை தனிமை வாசம்தான். கோவிட் ஊசி போடும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. பச்சிளங்குழந்தையைக் கொஞ்ச வரும் உறவினரிடம் கக்குவான் இருமல் ஊசி பற்றி விசாரிப்பதும் நியாயமே. சம்பளத்தையும் கல்யாணத்தையும் கூசாமல் விசாரிக்கும் ஊரில் இதற்கு மட்டும் கூச்சம் எதற்கு? கேட்பது ஒருவர் உரிமை. பதில் சொல்வது மற்றவர் விருப்பம்.