மறைப்பியல்

மறைத்தல் வேறு, மறுத்தல் வேறு. பூட்டிய பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவது மறைத்தல். "பெட்டியா, எந்தப் பெட்டி?" என்று முகம் மாறாமல் கேட்பது மறுத்தல். முன்னதற்குப் பூட்டு போதும். பின்னதற்கு நடிப்பும் வேண்டும். பாஸ்வேர்ட் மேனேஜரில் இரகசியம் வைப்போரை இவ்விரண்டையும் கொண்டு வகுத்தால் நால்வகைப்படுவர். ஐவகை என்பாரும் உளர். அவர்களைக் கடைசியில் கவனிப்போம்.

முதல் வகையார் வேடதாரிகள். கீபாஸ் என்ற மேனேஜரின் கோப்புக்கு 'ஊட்டி படங்கள்' என்று பெயர் வைத்து, ஜேபெக் வால் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோர். அந்தக் கோப்பை ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள். முதல் நான்கு பைட்டுகள் 03, டி9, ஏ2, 9ஏ என்று வரிசையாக நிற்கும். எல்லாக் கீபாஸ் கோப்புக்கும் அதுதான் தலையெழுத்து. உள்ளே இருப்பதை எவராலும் படிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நெற்றி நிறைய நாமம் போட்டுக்கொண்டு "நான் வைணவன் இல்லை" என்று சாதித்தால் எடுபடுமா?

இரண்டாம் வகையார் துறவிகள். 2017இல் ஒன்பாஸ்வேர்ட் என்ற மேனேஜர் கொண்டுவந்த 'டிராவல் மோட்' இவர்களுக்கானது. விமானம் ஏறுமுன் அதைப் போட்டுவிட்டால், பயணத்துக்கு ஆகும் என்று குறித்த பெட்டகங்கள் மட்டும் கருவியில் தங்கும், மற்றவை நீங்கிவிடும். எல்லையில் கேட்டால் "போனில் இல்லை" என்று பொய்யில்லாமல் சொல்லலாம். இவர்களிடம் ஆராய வேறொன்றும் இல்லை.

மூன்றாம் வகையே இவ்வியலின் உயிர். 2004இல் வந்த ட்ரூகிரிப்ட் என்ற பூட்டு மென்பொருளும், அதன் வழித்தோன்றலான வெராகிரிப்ட்டும் ஒரே பெட்டிக்குள் இரண்டு பெட்டி வைக்கும். ஒரு கடவுச்சொல் கொடுத்தால் வெளிப்பெட்டி திறக்கும். அதன் காலியிடம் முழுவதும் அர்த்தமற்ற இரைச்சல் நிரம்பியிருக்கும். உள்பெட்டி அந்த இரைச்சலுக்குள் இரைச்சலாகவே கிடக்கும். அதற்கான கடவுச்சொல் வேறு. உள்பெட்டியே இல்லாதவரின் கோப்பும் பார்வைக்கு இதேபோல்தான் இருக்கும். சிறுவாடு சேர்த்த நம் பாட்டிமாருக்கு இது புதிதில்லை. அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கடியில் இருக்கும் பத்து ரூபாய் தாத்தா கண்டுபிடிப்பதற்காக வைத்தது. நூறு ரூபாய் அரிசிப் பானையில் இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, கண்டுபிடிக்கக் கொடுக்கும் பொருளின் தரம். வெளிப்பெட்டியில் கேபிள் டி.வி. ரசீதை வைத்தால் கடவுச்சொல் கேட்டு அடிக்க வந்தவன்கூடச் சிரிப்பான். கொஞ்சம் வெட்கப்படும்படியாக இருக்க வேண்டும். நான் மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றுக் கணக்கையும், சம்பள உயர்வு கேட்டு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதத்தையும் வைத்தேன். அவற்றின் தேதிகளும் புதிதாக இருக்க வேண்டும். மூன்று வருடமாகத் தொடாத இரகசியத்தை யாரும் நம்புவதில்லை. பெட்டி வாய் திறக்காவிட்டாலும் வீடு திறக்கும் என்பது இன்னொரு தொல்லை. பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையரும் உடனாய்வாளர்களும் 2008இல் காட்டியது அதைத்தான்: வேர்ட் தானாகச் சேமிக்கும் நகல்களும் விண்டோஸ் எழுதி வைக்கும் குறுக்குவழிகளும் உள்பெட்டி இருப்பதை ஊருக்குச் சொல்லிவிடும்.

நான்காம் வகை, எந்தச் சாவிக்கும் திறக்கும் பெட்டி. ஆய்வாளர்கள் ஆரி ஜூல்ஸும் தாமஸ் ரிஸ்டன்பார்ட்டும் 2014இல் முன்வைத்த 'ஹனி என்கிரிப்ஷன்' என்ற முறையில், தப்பான கடவுச்சொல் போட்டாலும் பெட்டி திறந்து நம்பும்படியான பொய்க் கடவுச்சொற்களை நீட்டும். திருடன் எது நிஜமென்று தெரியாமல் திண்டாடுவான். விரல் தவறி ஓரெழுத்தை மாற்றித் தட்டிய உரிமையாளரும் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திண்டாடுவார்.

இனி ஐந்தாமவர்: எதையும் மறைக்காதவர். மறைக்காதவரை மறைப்போர் வகையில் சேர்ப்பது ஏன் எனின், சேர்ப்பது நாமல்ல, விசாரிப்பவர். 1997 வாக்கில் ஜூலியன் அசாஞ்சும் நண்பர்களும் தொடங்கிய 'ரப்பர்ஹோஸ்' என்ற பூட்டு மென்பொருளில் எத்தனை மறை அடுக்கு உண்டென்று உடையவரைத் தவிர எவராலும் எண்ண முடியாது. அதையே அதன் பெருமையாகச் சொன்னார்கள். எண்ண முடியாது என்றால் "அவ்வளவுதான், வேறு இல்லை" என்று நிரூபிக்கவும் முடியாதே! பிரிட்டனில் 2007 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஆணை வந்தும் சாவியைத் தராவிட்டால் ஈராண்டு வரை சிறை. நாட்டின் பாதுகாப்பு தொடர்பானதென்றால் ஐந்து. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு ஏழாண்டு வரை போகும். இல்லாத சாவியை எப்படித் தருவது?

இவ்வகையில் ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். என் கீபாஸ் கோப்பை உள்பெட்டியில் வைத்திருந்தேன். வெளிப்பெட்டி உயிரோடு தெரியட்டும் என்று, போன மாதம் மைத்துனர் மகளின் கல்யாண வீடியோவை அதில் ஏற்றினேன். வெளிப்பெட்டியைத் திறக்கும்போது 'உள்பெட்டியைக் காப்பாற்று' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும், போடவில்லை. வெளிப்பெட்டிக்கு உள்பெட்டியும் காலியிடம்தான். நாதஸ்வரமும் பந்தியும் வழியனுப்பும் அழுகையுமாக முழு வீடியோவும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறது. போட்டுத் திறந்தால், இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் பணிவாகக் கேட்கிறது.