எண் இல்லாத குழாய்

கொல்லிமலை ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் உண்டு. மேலே சோளக்காடு ஊரில் மிளகுக் கொடி ஊன்றக் குழி வெட்டும்போது கடப்பாரையில் இடறும் கறுப்புக் குழாய்க்கு எண்ணும் இல்லை, பேரும் இல்லை. அடி படும்வரை அது அநாதை. ஒழுகத் தொடங்கிய மறுநிமிடம், பாகப்பிரிவினைக்கு வந்ததுபோல் சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள்.

அதற்குத்தான் செயலி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ‘கால் பிஃபோர் யூ டிக்’ (தோண்டுமுன் கூப்பிடு) என்ற அதைப் பிரதமர் 2023 மார்ச் 22 அன்று தொடங்கிவைத்தார். கண்டபடி தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்று அரசே கணக்குச் சொன்னது. ஆனால் புதைத்தவர் சொன்னால்தானே செயலிக்குத் தெரியும்? என்றோ எவரோ ஓடைநீருக்கு இழுத்த குழாயை யார் பதிவார்? வரைபடம் போட்டால் தீரும் என்பதும் பாதி நியாயம்தான். தாளில் குழாய் நேர்கோடு. மலையில் அது பாறையைக் கண்டால் சுற்றிப் போகும். அதைவிட மண்ணே நம்பகமான சாட்சி. முறையாகப் புதைத்த மின்கேபிளுக்கு மேல் மணலும் செங்கல் வரிசையும் இருக்கும். செம்மண்ணுக்குள் திடீரென மணல் தென்பட்டால் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு மின்வாரியத்தைக் கூப்பிடலாம். முறையாகப் புதைத்திருந்தால், அதாவது.